டாலி, டோக்கன், டவுன் பஸ்: தோளுக்குப் பாரமில்லாத லேப்டாப்

கேள்வி: தூத்துக்குடியில் வரி ஆலோசகராக இருக்கிறேன். வாரத்தில் நான்கு நாள் கோவில்பட்டி, திருநெல்வேலி என்று பஸ்ஸில் போய், கிளையன்ட்டுகளின் கடையிலேயே உட்கார்ந்து டாலியில் கணக்குப் பார்த்து ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறேன். என்னிடம் இருப்பது பழைய 15.6 அங்குல லேப்டாப். சார்ஜரோடு இரண்டே முக்கால் கிலோ. தோள்வலி தாங்கவில்லை. 45,000 ரூபாய்க்குள் ஒரு கிலோவுக்குக் குறைவான லேப்டாப் கிடைக்குமா?

பதில்: புதிதாக, அந்த விலையில், ஒரு கிலோவுக்குக் கீழே எதிர்பார்க்காதீர்கள். அவ்வளவு லேசாக இருக்க உடல் மெக்னீசியம் கலவையிலோ கார்பன் ஃபைபரிலோ இருக்க வேண்டும். அதற்கான விலை வேறு. உங்கள் பட்ஜெட்டில் கிடைப்பது பிளாஸ்டிக் உடலோடு 14 அங்குலம், சுமார் 1.4 கிலோ. ஆனாலும் உங்கள் பையின் எடையில் ஒரு கிலோவுக்கு மேல் குறைத்துவிடலாம். லேப்டாப்பை மட்டும் பார்க்காமல் கூடப் போகும் சாமான்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் போதும்.

முதலில் சார்ஜர். வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் பழைய அடாப்டரை, அந்தத் தடித்த மூன்று முள் வயரோடு சேர்த்து நிறுத்துப் பாருங்கள். அரைக் கிலோவை நெருங்கினாலும் ஆச்சரியமில்லை. டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகும் லேப்டாப் வாங்கினால், உள்ளங்கையில் அடங்கும் 65 வாட் ‘கேன்’ (GaN, காலியம் நைட்ரைடு) சார்ஜர் ஒன்றே லேப்டாப்புக்கும் போனுக்கும் போதும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பக்கவாட்டில் டைப்-சி துளை இருப்பதாலேயே அதில் சார்ஜ் ஆகும் என்று சொல்ல முடியாது. விலை குறைந்த பல மாடல்களில் அது பென் டிரைவ் செருக மட்டும்தான்; சார்ஜ் ஏற்றத் தனியாக ஓர் உருண்டைப் பின் இருக்கும். விவரப் பட்டியலில் ‘பவர் டெலிவரி’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே ஒரு டைப்-சி சார்ஜரைச் செருகிக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது நம்பர் பேட். டாலியில் வவுச்சர் போடுகிறவர்களுக்கு வலது கை தானாக அங்கேதான் போகும். 14 அங்குல லேப்டாப்பில் அது பொதுவாக இருக்காது. இதற்காகவே மறுபடியும் 15.6 அங்குலம் வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தேவையே இல்லை. யுஎஸ்பி நம்பர் பேட் தனியாகச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, பையில் இருப்பதே தெரியாது.

இப்போது துளைகளை எண்ணுங்கள். உங்கள் டிஎஸ்சி டோக்கனுக்கு, அதாவது டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி சாதனத்துக்கு, பழைய அகல யுஎஸ்பி துளை ஒன்று, நம்பர் பேடுக்கு ஒன்று. மெல்லிய மாடல்கள் சிலவற்றில் டைப்-சி மட்டுமே இருக்கும்; அதற்கொரு ஹப் வாங்கி, அதையும் சுமக்க வேண்டியிருக்கும். டாலி பிரைம் விண்டோஸுக்கானது என்பதால், விலை குறைவாகவும் லேசாகவும் இருக்கிறதே என்று, விண்டோஸ் இல்லாமல் கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் குரோம்புக் பக்கம் போகவும் வேண்டாம்.

பேட்டரி விஷயத்தில் ‘பத்து மணி நேரம்’ என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் வாட்-அவர் எண்ணைக் கேளுங்கள். எக்செல், டாலி, பிரவுசர் என்று உங்கள் மாதிரி வேலைக்கு மணிக்கு 8 வாட்-அவர் செலவு என்று வைத்துக்கொண்டால், 42 வாட்-அவர் பேட்டரி ஐந்து மணி நேரம் வரும், 50 இருந்தால் ஆறைத் தாண்டும். மதியக் கரண்ட் கட்டில் அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம்.

பிராசஸருக்காக ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இன்டெல் ஐ3-1215யு உங்களுக்குத் தாராளம். ஏஎம்டியில் ஒரு சூட்சுமம் உண்டு: ரைசன் 5 7520யு, 7530யு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மூன்றாவது எண்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்வது. முன்னது ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு, நான்கு கோர். பின்னது அதற்கு அடுத்த ஜென் 3, ஆறு கோர்; இதுவே மேல். அதோடு 7520யு-வில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், 8 ஜிபியில் வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். 16 ஜிபி வாங்குங்கள். பணம் இடிக்கிறதென்றால் பின்னால் ரேம் சேர்க்க ஸ்லாட் உள்ள மாடலாவது இருக்கட்டும். ஸ்டோரேஜ் எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும், அதைவிட மெதுவான இஎம்எம்சி வேண்டாம். திரை, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரியும் ஐபிஎஸ் வகையாக, பளபளப்பில்லாததாக இருக்கட்டும்.

இன்னும் லேசாக வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தி விற்ற டெல் லேட்டிட்யூட் 7420 போன்றவை புதுப்பிக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. கார்பன் ஃபைபர் உடல் கொண்டதைத் தேடுங்கள், 1.3 கிலோவை ஒட்டியே இருக்கும். டைப்-சி சார்ஜிங்கும் நல்ல கீபோர்டும் உண்டு. நானாக இருந்தால் இதைத்தான் முதலில் தேடுவேன். இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தையது மட்டும் வேண்டாம்: விண்டோஸ் 11 அவற்றை முறைப்படி ஏற்காது, விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. கிளையன்ட்டுகளின் பாஸ்வேர்டெல்லாம் உங்கள் மெஷினில் இருக்கும்போது அந்த ஆபத்து கூடாது. பணம் கொடுப்பதற்கு முன் விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தயாரித்தபோதிருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவு இரண்டும் அதில் இருக்கும். 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் புதுப் பேட்டரி போட்டுத் தரச் சொல்லுங்கள், அல்லது அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். வாரன்ட்டியையும் பில்லில் எழுதி வாங்குங்கள். ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் பில்லில் உங்கள் எண்ணைப் போடச் சொல்ல உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

கடைக்குப் போகும்போது டிஎஸ்சி டோக்கனையும், தினம் தூக்கும் பையையும் கையோடு கொண்டுபோங்கள். டோக்கனைச் செருகிப் பாருங்கள். அப்புறம் லேப்டாப், சார்ஜர், நம்பர் பேட் மூன்றையும் பையில் போட்டுத் தோளில் மாட்டி, கடைக்குள்ளேயே நாலு நடை நடந்துவிட்டு முடிவெடுங்கள்.