வீடு விற்கவில்லை, தூக்கமும் வரவில்லை
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு 57 வயது. கணவர் அரசுப் பணியில் இருக்கிறார். அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். மகளுக்கு அருகில் இருக்கலாம் என்று 20 மாதங்களுக்கு முன் கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு வாங்கிக் குடிவந்துவிட்டோம். தஞ்சாவூரில் என் மாமனார் 1986-இல் தேக்கு நிலையும் கூடத்தில் ஊஞ்சலுமாகக் கட்டி, பிறகு கணவர் பெயருக்கு எழுதிக் கொடுத்த வீடு இருக்கிறது. மூன்று மாதத்தில் அதை விற்று முடித்துத் தருகிறேன் என்று தரகர் சொன்னதை நம்பி 38 லட்சம் ரூபாய் வங்கிக் கடன் வாங்கினோம். மாதம் 42,000 ரூபாய் தவணை போகிறது. தஞ்சை வீட்டுக்கு 95 லட்சம் சொன்னோம். தொடக்கத்திலேயே ஒருவர் 72 லட்சத்துக்குக் கேட்டார்; கணவர் பதில்கூடச் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். இப்போது 85 என்று குறைத்தும் கேட்பாரில்லை. தெற்கு வாசல், அதோடு தெருக்குத்து; எதிர்த் தெரு நேராக வாசலில் வந்து முட்டுகிறது. யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் இருவரும் ரயிலேறிப் போய், கூட்டித் துடைத்து, விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கிறோம். பாதிப் பேர் வருவதேயில்லை. கணவர் இரவு இரண்டு மணிக்கு எழுந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். எதற்கெடுத்தாலும் எங்களுக்குள் சண்டை வருகிறது. மண்ணச்சநல்லூர் பூமிநாதர் கோயிலுக்குப் போனால் விற்கும் என்கிறார் தோழி. எனக்கு ஒன்றும் புரியவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் ‘வீடு’ என்று வரும் இடங்களில் எல்லாம் ‘காத்திருப்பு’ என்று மாற்றி வைத்து ஒருமுறை படித்துப் பார்த்தேன், பொருள் கெடவில்லை. தேர்வு முடிவுக்கு ஒரு தேதி உண்டு, பிரசவத்துக்கு ஒரு தேதி உண்டு, ஓய்வு பெறுவதற்கும் தேதி உண்டு. வீடு விற்பதற்கு மட்டும் தேதி கிடையாது. அதனால் ஒவ்வொரு நாளும் அந்த நாளாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடு விடிகிறது. ஒவ்வொரு தொலைபேசி மணிக்கும் நெஞ்சு ஒருமுறை எழுந்து உட்காருகிறது. 20 மாதம் ஒரு நாள்கூட விடுப்பு இல்லாமல் இப்படி இருந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? உங்கள் கணவரின் இரண்டு மணி விழிப்பைக் கோழைத்தனம் என்றோ, உங்கள் கோபத்தைக் குணக்கேடு என்றோ எண்ண வேண்டாம்.

முதலில் அந்த 72 லட்சத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் நீங்கள் இருவரும் அதைப் பற்றித்தான் பேசாமல் இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. வந்தவர் ஒரு மனைக்கு விலை கேட்டார். உங்கள் கணவரோ தம் தந்தைக்கு யாரோ விலை போட்டதாகக் கேட்டுக்கொண்டார். இது அவருக்கு மட்டும் நேர்வதல்ல. 1990-களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அடுக்ககங்களை விற்றவர்களை ஆராய்ந்த இரண்டு பொருளியலாளர்கள், வாங்கிய விலையைவிடக் குறைத்து விற்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக விலை சொன்னார்கள், அதனால் அவர்களுடைய வீடுகள் விற்க நாளானது என்று 2001-இல் எழுதினார்கள். நம் மனத்தில் ஒரு தொகை ஊன்றிவிட்டால், அதற்குக் கீழே எது வந்தாலும் நட்டமாகவே படும். உங்கள் வீட்டில் ஊன்றிய தொகை 95. அது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் வீட்டைத் தம் கைக்குப் பிடித்துக்கொள்வதற்காகத் தரகர் முதல் நாளில் சொன்ன தொகையாகத்தான் இருக்கும்.

வாங்குபவரின் பக்கத்திலிருந்து அதைப் பாருங்கள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடுமாகச் சேர்ந்து 9 விழுக்காடு ஆகிறது. நீங்கள் 95 என்று சொல்லும்போது அவர் காதில் ஒரு கோடியே மூன்றரை லட்சம் என்று விழுகிறது. நாற்பது ஆண்டை நெருங்கும் கட்டடத்துக்கு அவருடைய வங்கி பெரிதாக மதிப்புப் போடாது, மனைக்குத்தான் போடும். உங்கள் மாமனார் பார்த்துப் பார்த்து வைத்த தேக்கு நிலைக்கும், கூடத்தில் இறக்கிய ஊஞ்சல் கொக்கிக்கும் சந்தையில் விலை இல்லை. இது கொடுமைதான், ஆனால் அவமதிப்பு அல்ல. என்னைக் கேட்டால், விலை பேசுவதற்கு முன்பே அந்த ஊஞ்சல் பலகையையும் சங்கிலியையும் கழற்றிக் கோவைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அடுக்ககத்தில் மாட்ட இடமில்லை என்றாலும் பரவாயில்லை, பலகையைச் சுவரோரம் ஒரு இருக்கையாகப் போடலாம். எங்கள் குடும்பத்தில் ஊர்வீட்டை விற்றபோது அப்பா அசைந்து கொடுக்கவே இல்லை. அம்மாவின் அம்மியைத் தூக்கி வண்டியில் ஏற்றிய பிறகுதான் கையெழுத்துக்கு இறங்கி வந்தார்.

இனி கணக்கு. ஒரு மாலை இருவரும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் தவணையில் தொடக்க ஆண்டுகளில் மாதம் 25,000 ரூபாய்க்குக் குறையாமல் வட்டிக்கே போகும். அந்த 72 லட்சத்தை அன்றைக்கு வாங்கிக் கடனை அடைத்திருந்தால், கடந்த ஒன்றரை ஆண்டில் ஏறத்தாழ நாலரை லட்சம் வட்டி மிஞ்சியிருக்கும். சொத்து வரி, மின் கட்டணம், துப்புரவு, ரயில் செலவு என்று ஓர் அரை லட்சத்தைச் சேர்த்தால், அன்றைய 72-உம் இன்றைய 77-உம் ஒன்று. இன்னும் ஓராண்டு காத்திருந்து 80 வாங்கினாலும், இன்றே 77-க்குக் கொடுத்ததைவிடக் கையில் கூடுதலாக எதுவும் நிற்காது. நடந்ததைக் கிளறுவதற்காக இதைச் சொல்லவில்லை. கணவரிடம் தயவுசெய்து அந்தத் தொனியில் சொல்லிவிடாதீர்கள். காத்திருப்பதற்கும் வாடகை உண்டு என்று தெரிந்துவிட்டால், விலையைக் குறைப்பது தோல்வியாகத் தோன்றாமல் வெறும் கணக்காகத் தோன்றும். உங்கள் கடன் மாறும் வட்டிக் கடனாக இருந்தால் முன்கூட்டி அடைப்பதற்கு வங்கி அபராதம் வாங்க முடியாது என்பதையும் தாளில் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே தாளில், யாருக்கும் சொல்லாத கடைசி விலை ஒன்றையும், ஒரு தேதியையும் எழுதுங்கள். பதிவுத்துறை உங்கள் தெருவுக்கு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை முதலில் பாருங்கள். அதைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்த விலைக்கு விற்றால் வருமான வரித்துறை வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாகக் கொள்ளும். தேதி தை மாதக் கடைசி என்று வைத்துக்கொண்டால், அதுவரை 80, அதற்குள் முடியாவிட்டால் கடைசி விலை, அதற்கும் ஆள் வராவிட்டால் வாடகைக்கு விடுவது என்று இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். இதனால் வீடு உடனே விற்றுவிடாது. ஆனால் தினமும் புதிதாக முடிவெடுக்க வேண்டிய வேலை உங்கள் தலையிலிருந்து இறங்கும். வாடகைக்கு விடுவதாயின் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள புதிய வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிந்துவிடுங்கள். பூட்டியே கிடக்கும் வீட்டைவிட, சமையல் வாசனையுள்ள வீடு பார்க்க வருபவரை அதிகம் நிறுத்தும்.

தெருக்குத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம்பிக்கை உள்ளவரோடு வாதாடி வீடு விற்றவரை நான் பார்த்ததில்லை. வாசலில் பிள்ளையார் வைத்திருக்கிறோம் என்று நீங்கள் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும், அவர் தலையாட்டிவிட்டுப் போய் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பார். ஆகவே தெற்கு வாசல், தெருக்குத்து இரண்டையும் முதல் தொலைபேசியிலேயே நீங்களே சொல்லிவிடுங்கள். பத்துப் பேரில் ஏழு பேர் அங்கேயே கழன்றுகொள்வார்கள். அந்த ஏழு முறை நீங்கள் ரயிலேறி, துடைத்து, ஏமாந்து திரும்ப வேண்டாம். மீதி மூன்று பேர்தான் உங்களுக்குரியவர்கள். தெரு முழுவதும் கண்ணில் படும் முகப்பு மருத்துவமனைக்கும், பயிற்சி மையத்துக்கும், கடைக்கும் குறையாவதற்குப் பதில் வசதியாகும். இப்படி ஆள் தேடும் தரகர் வேறு, குடியிருக்க ஆள் தேடும் தரகர் வேறு. எத்தனை தரகர்களிடம் சொல்லியிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஐந்து பேர் ஐந்து விலை சொன்னால், வீட்டில் ஏதோ வில்லங்கம் என்றுதான் ஊர் பேசும். இரண்டு பேர் போதும், ஒரே விலை போதும். வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம், வரி ரசீது ஆகியவற்றின் நகலை ஒரு கோப்பில் போட்டு இருவரிடமும் கொடுத்துவிடுங்கள்.

இனிமேல் நீங்கள் இருவரும் வீட்டைக் காட்டப் போகக்கூடாது. இதை ஆலோசனையாக அல்ல, கண்டிப்பாகவே சொல்கிறேன். பக்கத்து வீட்டிலோ உறவிலோ நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுங்கள். வாரம் ஒருமுறை சன்னல்களைத் திறந்து வைப்பதற்கும், வந்தவருக்குக் காட்டுவதற்கும் ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள். வருபவர் சுவரைத் தட்டிப் பார்ப்பதையும், சமையலறையில் முகம் சுளிப்பதையும் வீட்டுக்காரர் நின்று பார்க்கத் தேவையில்லை. இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட விலையை நெருங்கி ஒருவர் வந்தால் மட்டும் போய் உட்காருங்கள். கிரய ஒப்பந்தம் போட்டால் மூன்று மாதத்துக்கு மேல் கெடு கொடுக்காதீர்கள். சின்னத் தொகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டு ஓராண்டு வீட்டைக் கட்டிப்போடுபவர்கள் உண்டு. ஒரு பகுதியை ரொக்கமாகத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாகக் கட்ட நேரலாம்.

கசப்பான செய்தி ஒன்றும் இருக்கிறது, யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். கோவை வீட்டை வாங்கி ஓராண்டுக்குள் தஞ்சை வீட்டை விற்றிருந்தால், கோவை வீட்டுக்குப் போட்ட பணத்தைக் காட்டி, சொத்து விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரியில் விலக்குக் கேட்டிருக்கலாம். அந்தக் காலம் கடந்துவிட்டது. 2024 ஜூலை 23-க்கு முன்பே உங்களிடம் இருந்த சொத்து என்பதால், பணவீக்கத்தைக் கழித்து 20 விழுக்காடா, கழிக்காமல் 12.5 விழுக்காடா என்று பார்த்துக் குறைவானதைச் செலுத்தலாம். 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை வாங்கிய விலையாகக் கொள்ளவும் இடமுண்டு. விற்ற ஆறு மாதத்துக்குள் அதற்கென உள்ள அரசுசார் கடன் பத்திரங்களில் 50 லட்சம் வரை போட்டால் விலக்குக் கிடைக்கும். ஆனால் ஐந்தாண்டு எடுக்க முடியாது. இதற்கு ஒரு தணிக்கையாளரிடம் இப்போதே ஒரு மணி நேரம் உட்காருங்கள். கையில் உண்மையில் எவ்வளவு நிற்கும் என்று தெரியாமல் இருப்பதும் இரண்டு மணி விழிப்புக்கு ஒரு காரணம்.

வீட்டைப் பற்றிய பேச்சை ஞாயிறு காலை ஒரு மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் நினைவு வந்தால் ஒரு நோட்டில் எழுதிவிட்டு மூடிவிடுங்கள். தரகரின் அழைப்புகளுக்கு மாலை ஆறு மணிக்குப் பிறகு பதில் வேண்டாம். கணவருக்குத் தூக்கமின்மை தொடர்ந்தால், சாப்பாடு குறைந்தால், ‘நான் இருந்து என்ன’ என்பது போன்ற பேச்சு ஒருமுறை வந்தாலும், வீடு விற்கட்டும் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்த நேரமும் தமிழில் கட்டணமின்றிப் பேசலாம்.

மண்ணச்சநல்லூருக்கும் தாராளமாகப் போய்வாருங்கள். மனையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போக வேண்டும் என்பார்கள். அந்த மண்ணை உங்கள் கணவர் தம் கையால் எடுக்கட்டும்.

கேள்வி: கும்பகோணத்தில் அம்மா விட்டுச் சென்ற வீடு. நாங்கள் மூன்று பேர். நானும் அக்காவும் விற்கலாம் என்கிறோம். அம்மாவின் நினைவு என்று தம்பி கையெழுத்துப் போட மறுக்கிறான். பேச்சே நின்றுவிட்டது. வழக்குப் போடலாமா?
– வாசகர், சென்னை

பதில்: போடலாம், பாகப்பிரிவினை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அது முடிவதற்குள் உங்கள் பிள்ளைகளுக்குள்ளும் பேச்சு நின்றுவிடக்கூடும் என்பதால், அதற்கு முன் ஒன்றைச் செய்து பாருங்கள். தம்பிக்கு நினைவு வேண்டும் என்றால், வீட்டை அவரே வைத்துக்கொள்ளட்டும். இருவரின் பங்குக்கும் ஒரு மதிப்பீட்டாளர் சொல்லும் விலையில், இரண்டு மூன்று ஆண்டுத் தவணையில் கொடுக்கச் சொல்லி, பணம் முடிந்ததும் உங்கள் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கு ஆகும் செலவு வெளியாளுக்குக் கிரயம் செய்வதைவிட மிகக் குறைவு. அவரால் முடியாது என்றால், அதை அவரே வாய்திறந்து சொல்லும்படி விடுங்கள். இதை நீங்கள் பேசாதீர்கள், அக்காவும் வேண்டாம். தாய்மாமன் இருந்தால் அவர் பேசட்டும்.

கேள்வி: ஆடி பிறந்துவிட்டது, ஆவணி வரை வீட்டு விற்பனையைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்கிறார் என் மாமியார். சரியா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: முன்பணம் வாங்குவதை ஆவணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆடி முழுவதும் வேலை இருக்கிறது: பட்டாவில் பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள், மூலப்பத்திரத்தைத் தேடுங்கள், சுவரில் நீர்க்கசிவு இருந்தால் அடையுங்கள். ஆடியிலும் ஒருவர் விலை கேட்டு வந்தால், அவருக்குப் பணத்தேவையோ வீட்டுத்தேவையோ உண்மையாகவே இருக்கிறது. மாமியாரையே காபி கொடுக்கச் சொல்லுங்கள்.