எறிய வேண்டியது எந்தப் பொட்டலம்?

கேள்வி: ஆசிரியர் ஐயா, நாற்பது வருடமாகக் குழம்பில் அஜினமோட்டோ போட்டுத்தான் சமைக்கிறேன். சென்னையிலிருந்து வந்த ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, ‘இது விஷம்’ என்று மருமகள் டப்பாவோடு குப்பையில் போட்டுவிட்டாள். ஆனால் பேரனுக்குத் தினமும் காலையில் பாக்கெட் நூடுல்ஸ்தான் கொடுக்கிறாள். யார் செய்வது சரி?
– ஒரு வாசகி, மோல்மேன், பர்மா

பதில்: இரண்டு பேரிடமும் தப்பு இருக்கிறது அம்மா. ஆனால் மருமகள் எறிய வேண்டிய பொட்டலத்தை விட்டுவிட்டு வேறொன்றை எறிந்திருக்கிறார்.

அஜினமோட்டோவை நம் ஊரில் அச்சோமொன் என்று சொல்கிறோமே, அந்தப் பொடியை முதலில் பிரித்தெடுத்தவர் டோக்கியோவில் வேதியியல் பேராசிரியராக இருந்த கிகுனே இகேடா. கொம்பு என்ற கடற்பாசியைக் கொதிக்கவைத்த சாற்றுக்கு அந்த ருசி எப்படி வருகிறது என்று தேடினார். 1908-ல் விடை கிடைத்தது: குளூட்டமேட். ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அடுத்த வருடமே அது கடைக்கு வந்துவிட்டது. இப்போது கரும்புப் பாகையும் மரவள்ளி மாவையும் நுண்ணுயிர் விட்டுப் புளிக்கவைத்துத்தான் எடுக்கிறார்கள். அதே குளூட்டமேட் பழுத்த தக்காளியில் இருக்கிறது, மீனையும் இறாலையும் புளிக்கவைத்துச் செய்யும் நம் ஙாப்பியில் இருக்கிறது, தாய்ப்பாலிலும் இருக்கிறது.

அப்படியானால் இந்த விஷப் பேச்சு எங்கிருந்து வந்தது? 1968-ல் அமெரிக்காவில் இருந்த ராபர்ட் ஹோ மான் குவோக் என்ற டாக்டர், சீன உணவகத்தில் சாப்பிட்டால் தனக்குக் கழுத்து மரத்துப்போகிறது, படபடக்கிறது என்று ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். சமையல் மதுவாக இருக்கலாம், உப்பாக இருக்கலாம், அஜினமோட்டோவாக இருக்கலாம் என்றுதான் அவர் எழுதினார். ஊர் கடைசியை மட்டும் பிடித்துக்கொண்டது. பிறகு, எதில் பொடி இருக்கிறது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாமல், கொடுக்கிறவருக்கும் தெரியாமல் சோதித்தார்கள். வெறும் வயிற்றில் 3 கிராமோ அதற்கு மேலோ கொடுத்தபோது சிலருக்குக் கொஞ்ச நேரம் தலைவலி, மரமரப்பு வந்தது. அதுவும் அதே ஆளுக்கு ஒவ்வொரு முறையும் வரவில்லை. சோற்றோடு சேர்ந்து உள்ளே போகும் ஒரு கிள்ளுக்கு இவ்வளவு பயம் வேண்டாம். உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று உடம்பு சொன்னால் விட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

சரி, உங்கள் பங்கு? ஒரு கிள்ளு என்று நீங்கள் எழுதவில்லை. நம் வீடுகளில் அது கிள்ளாக ஆரம்பித்துக் கரண்டியாகிவிடுகிறது. அந்தப் பொடியிலும் சோடியம் உண்டு, சாப்பாட்டு உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. அச்சோமொன் போட்டால் உப்பைக் குறைக்க வேண்டும். நாம் உப்பையும் போட்டு, ஙாப்பியையும் போட்டு, மேலே இதையும் தூவுகிறோம்.

இப்போது பேரன் தட்டுக்கு வருவோம். உடனடி நூடுல்ஸ் 1958-ல் ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ கண்டுபிடித்தது. வீட்டுக் கொல்லையில் ஒரு சின்னக் கொட்டகையில் மாதக்கணக்கில் உழைத்தார். அவித்த நூடுல்ஸை எண்ணெயில் பொரித்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி நுண்ணிய துளைகள் விழும், வெந்நீர் பட்டதும் அந்தத் துளைகள் வழியே ஊறிவிடும். சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற, போருக்குப் பிந்திய ஜனங்களை மனத்தில் வைத்து அவர் செய்த வேலை அது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். வெள்ளத்திலும் சண்டையிலும் நம் மக்களுக்கும் அந்தப் பாக்கெட்தான் வயிற்றை நிரப்புகிறது.

ஆனால் தினமும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கா? இதை எழுதும்போது மேசையில் 60 கிராம் பாக்கெட் ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறேன். பின்பக்கம் எறும்பு எழுத்தில் சோடியம் 1,200 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. உப்புக் கணக்கில் 3 கிராம். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைக்கு இன்னும் குறைவு. காலை ஏழு மணிக்கே பாதிக்கு மேல் தீர்ந்துபோகிறது. கூடவே மைதாவும் பனை எண்ணெயும். காயும் பருப்பும் மருந்துக்கும் இல்லை. தென்கொரியாவில் 10,711 பேரின் உணவுப் பழக்கத்தைப் பார்த்து 2014-ல் வெளியான ஆய்வில், வாரம் இரண்டு முறையோ அதற்கு மேலோ இதைச் சாப்பிட்ட பெண்களிடம் இடுப்புச் சதை, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் சேர்ந்த கோளாறு அதிகம் தெரிந்தது. நூடுல்ஸ்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் உங்கள் மருமகள் பயப்படுவதென்றால் இதற்குப் பயப்படட்டும்.

இன்னொன்று. சூப்பாகக் குடித்தால் கிண்ணத்தில் பாதிச் சாற்றை மிச்சம் வைக்கலாம். நாம் அதை, சாறில்லாமல் பிசையும் பர்மிய நூடுல்ஸான அத்தோ மாதிரி பிசைந்து கொடுக்கிறோம், உள்ளே இருக்கும் மசாலாப் பொட்டலத்து உப்பு முழுவதும் பிள்ளை வயிற்றுக்குள் போகிறது. பையன்கள் பச்சை நூடுல்ஸை நொறுக்கி, மசாலாப் பொடியைக் கொட்டிக் குலுக்கித் தின்றுவிட்டு விரலை நக்குகிறார்களே, அங்கேயும் அதே கதைதான்.

வாரத்தில் ஒரு நாள் கொடுங்கள், போதும். அன்றைக்கு ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, கைப்பிடி கீரை போட்டு, மசாலாப் பொட்டலத்தில் பாதியை மட்டும் தூவச் சொல்லுங்கள். மீதிப் பாதியைச் சேர்த்து வைத்து நீங்கள் ரசத்தில் போட்டுவிடாதீர்கள் அம்மா.