தேவாலயத்துக்கு ஜீன்ஸ் போட்டுப் போனால் தவறா?

தவறில்லை. ஞாயிறு ஆராதனைக்கென்று தனி உடையை வேதாகமம் விதிக்கவில்லை. யாக்கோபு 2-ஆம் அதிகாரம் கண்டிப்பதோ வேறொன்றை: பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இடம், கந்தை உடுத்திய ஏழைக்குக் காலடி. இந்தப் பாகுபாடுதான் பாவம். பழைய சட்டை அல்ல.

ஆராதனையில் பெண்கள் முக்காடு போடும் வழக்கம் வேதாகமத்தின் 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தை ஒட்டி வந்தது. கத்தோலிக்கப் பெண்களுக்கு 1917 திருச்சபைச் சட்டம் அதை விதித்தது. 1983 சட்டத்தில் அது இல்லை. ஆனாலும் நம் ஊர்களில் பலர் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்கிறார்கள், அது அழகான வணக்கம்.

வீட்டிலேயே ஒருமுறை முழந்தாளிட்டு, குனிந்து பாருங்கள். இறுக்கமான ஜீன்ஸ் முழங்காலைப் பிடிக்கும், குட்டைச் சட்டை முதுகில் ஏறும். அப்புறம் ஜெபத்தில் மனம் நிற்காது, கை சட்டையை இழுத்துக்கொண்டே இருக்கும். ரோமின் புனித பேதுரு பேராலயத்துக்குப் போனால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பையில் ஒரு சால்வை வைத்துக்கொள்ளுங்கள்.