நீச்சல் தடாகத்துக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் கேட்டவை

பாடசாலை விடுமுறை நெருங்க நெருங்க ரிசோர்ட் பற்றிய கேள்விகள்தான் கூடுதலாக வருகின்றன. சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

குடும்பமாகப் பதினெட்டுப் பேர் பெந்தோட்டைக்குப் போகிறோம். அதில் ஆறு பேர் பிள்ளைகள். தடாகத்தடியில் உயிர்காப்பாளர் ஒருவர் நிற்பார் என்று ரிசோர்ட்டில் சொல்கிறார்கள். பெரியவர்களும் சுற்றி இருப்போம். இது போதும்தானே? – வாசகி, வெள்ளவத்தை

போதாது. பன்னிரண்டு பெரியவர்கள் சுற்றியிருக்கும் தடாகத்திலும் பிள்ளை தாழ்ந்து போகும். சித்தி பார்க்கிறா என்று அம்மா நினைப்பா. மாமா தண்ணீருக்குள்தானே நிற்கிறார் என்று சித்தி நினைப்பா. மாமா பந்தோடு மற்றப் பக்கம் திரும்பியிருப்பார்.

மூழ்குகிற பிள்ளை கத்தும், கையை வீசும் என்றுதான் நாம் காத்திருக்கிறோம். கத்துவதற்கு மூச்சு வேண்டும். வாய் நீருக்கு மேலே வந்து போகிற அந்தக் கணத்தில் மூச்செடுக்கவே நேரம் போதாது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் நீரை அமுக்கிக்கொண்டிருக்கும், அதனால் உங்களைப் பார்த்துக் கையசைக்க முடியாது. உடல் நிமிர்ந்து நிற்கும், தலை பின்னால் சாயும், முடி கண்ணை மூடினாலும் பிள்ளை ஒதுக்காது. கரையிலிருந்து பார்ப்பவருக்கு அது விளையாடுவது போலத்தான் தெரியும். இந்த நிலை 20 முதல் 60 செக்கன் வரைதான் நீடிக்கும்; சின்னப் பிள்ளைகளில் அதைவிடக் குறைவு. பிறகு சத்தமில்லாமல் கீழே போய்விடும். ஒரு வாட்ஸ்அப் செய்தியை வாசித்துப் பதில் போடும் நேரம் அது.

ஆகவே ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் காவல் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அவர் கையில் ஒரு பட்டியோ கழுத்தில் ஒரு விசிலோ இருக்கட்டும். போன், சாப்பாட்டுத் தட்டு, மதுபானம் மூன்றும் கூடாது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். "இப்ப நீங்கள்" என்று வாயால் சொல்லி, பட்டியைக் கையில் கொடுத்த பிறகே அவர் எழும்பலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் கரையில் இருந்து பார்ப்பதில் பயனில்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நீருக்குள் ஒருவர் இருக்க வேண்டும்.

இன்னுமொன்று. குளித்து முடித்து எல்லோரும் சாப்பிடப் போகிற நேரம்தான் எனக்குப் பெரிய பயம். அப்போது யாரும் காவலில் இல்லை. மறந்து விட்ட பந்தை எடுக்கப் பிள்ளை திரும்பிப் போகும். தலைகளை எண்ணி விட்டுத்தான் தடாகத்தடியை விட்டு நகர வேண்டும். பிள்ளையைக் காணவில்லை என்றால் அறையையும் கழிவறையையும் பிறகு தேடலாம், முதலில் தடாகத்துக்கு ஓடுங்கள்.

கையில் மாட்டும் காற்றுப் பட்டி, வாத்து வளையம் பாதுகாப்பா?

இல்லை, அவை விளையாட்டுப் பொருட்கள். பட்டி நழுவும், காற்று இறங்கும். வளையம் கவிழ்ந்தால் பிள்ளையின் தலை கீழேயும் கால் மேலேயும் ஆகிவிடும். பிள்ளையின் நிறைக்கேற்ற, கால்களுக்கிடையே வார் உள்ள உயிர்காப்பு அங்கி வாங்குங்கள். அதைப் போட்டாலும் காவல் வேண்டும்.

என்ன நிறத்தில் நீச்சலுடை வாங்கலாம்? – வாசகர், தெஹிவளை

பளிச்சென்ற செம்மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு. நீலமும் வெள்ளையும் நீல ஓடு பதித்த தடாகத்தில் ஒரு முழ ஆழத்திலேயே மறைந்துவிடும்.

விடுதிக்குப் போனதும் தடாகத்தில் எவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்? – வாசகர், பம்பலப்பிட்டி

பெட்டிகளை இறக்குவதற்கு முன்பே போய்ப் பாருங்கள். நான்கு பக்கமும் வேலி இருக்கிறதா? குறைந்தது 1.2 மீற்றர் உயரம், கம்பிகளுக்கிடையே 10 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இல்லாமல். கேற்றைப் பாதி திறந்து கையை விடுங்கள். தானாக வந்து மூடிப் பூட்டிக்கொள்ள வேண்டும். பல இடங்களில் பூட்டு துருப்பிடித்து, கேற்றுக்கு ஒரு கல்லோ கதிரையோ முட்டுக்கொடுத்திருக்கும். அப்படியானால் அங்கே வேலி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நீர். ஆழமான முனையில் அடியிலுள்ள வடிகால் மூடியின் துளைகள் கரையில் நின்று பார்க்கத் தெளிவாகத் தெரிய வேண்டும். அது தெரியாத நீரில் அடியில் கிடக்கும் பிள்ளையும் தெரியாது. யார் என்ன சமாதானம் சொன்னாலும் இறங்காதீர்கள்.

அந்த மூடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பம்பு அதன் வழியாகத்தான் நீரை இழுக்கிறது. மூடி உடைந்தோ கழன்றோ இருந்து, 20 சென்ரிமீற்றர் அகல வாயைப் பிள்ளையின் உடல் முழுதாக அடைத்துக்கொண்டால், உறிஞ்சல் 0.5 பார் (காற்றழுத்தத்தில் ஏறக்குறையப் பாதி) என்றாலே 150 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் பிள்ளையைப் பிடித்து வைக்கும். இரண்டு ஆட்கள் இழுத்தாலும் வராது. அமெரிக்காவில் 2002இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி சுடுநீர்த் தொட்டியில் இப்படித்தான் இறந்தாள். 2007இல் அவள் பெயரிலேயே அங்கு சட்டம் வந்தது. நல்ல அமைப்பில் குறைந்தது 90 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு வடிகால்கள் இருக்கும். ஒன்று அடைபட்டாலும் மற்றது இழுக்கும். மூடி தட்டையாக இல்லாமல் குவிந்திருக்கும். நீண்ட முடியைக் கட்டித் தொப்பிக்குள் வைக்கச் சொல்லுங்கள். மூடி சரியாக இருந்தாலும் முடி உள்ளே சிக்கலாம். யாராவது ஒட்டிக்கொண்டால் முதல் வேலை பம்பை நிறுத்துவது. அதன் சுவிட்ச் எங்கே என்று வந்தவுடனேயே கேட்டு வையுங்கள். நிறுத்தும் வரை, உடலுக்கும் மூடிக்கும் இடையே விரலைச் செருகி ஓரத்திலிருந்து உரிப்பது போல விடுவியுங்கள்.

தண்ணீரில் இருந்து எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்ற வேண்டும், வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். சரியா? – வாசகி, கொட்டாஞ்சேனை

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். நுரையீரலுக்குள் போகும் நீர் பெரும்பாலும் கொஞ்சம்தான். வயிற்றை அமுக்கினால் வருவது வயிற்றில் இருந்த நீரும் சோறும். அது திரும்ப மூச்சுக்குழாய்க்குள் போகும். பிள்ளை சாவது ஒட்சிசன் இல்லாமல். தலைகீழாகச் சுற்றும் ஒவ்வொரு செக்கனும் மூச்சுக் கொடுக்க வேண்டிய நேரத்திலிருந்து களவு போகிறது.

மூச்சு இருக்கிறதா என்று 10 செக்கனுக்கு மேல் பார்க்காதீர்கள். இல்லையென்றால், விட்டு விட்டு இழுக்கும் மூச்சென்றாலும், கெட்டியான தரையில் மல்லாக்காகக் கிடத்துங்கள். ஒருவர் 1990ஐ அழைத்து போனை ஸ்பீக்கரில் போடட்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நீங்கள் நெற்றியைப் பின்னால் சாய்த்து, நாடியை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதுங்கள். ஒவ்வொன்றும் ஒரு செக்கன், நெஞ்சு உயர்வது தெரிய வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி மெதுவாக ஊதுங்கள். மாரடைப்பில் விழுந்தவருக்கு நெஞ்சை அமுக்குவதில் தொடங்குவோம். மூழ்கியவருக்கு மூச்சில்தான் தொடக்கம்.

பிறகு நெஞ்சின் நடுவில் 30 அமுக்கல், 2 மூச்சு, திரும்ப 30. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. வளர்ந்தவருக்கு 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், இரு கைகளால். பிள்ளைக்கு நெஞ்சின் மூன்றிலொரு பங்கு ஆழம், ஒரு கை போதும். கைக்குழந்தைக்கு நெஞ்சை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து இரண்டு பெருவிரல்களால். வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும். அதைத் துடைத்துக்கொண்டு நிற்காமல் ஊதுங்கள். வாந்தி வந்தால் பக்கமாகப் புரட்டி, வாயைத் துப்புரவாக்கித் தொடருங்கள். பிள்ளை தானாக மூச்செடுக்கும் வரை அல்லது அம்புலன்ஸ்காரர் பொறுப்பேற்கும் வரை விடக் கூடாது.

மூழ்கி எழுந்த பிள்ளை பிறகு நன்றாக இருந்தால்?

ஊதவோ அமுக்கவோ வேண்டியிருந்தால், எழுந்து சிரித்தாலும் வைத்தியசாலைக்குத்தான். நீர் விழுங்கிக் கொஞ்சம் இருமி, பழையபடி விளையாடுகிறது என்றால் அடுத்த 8 மணித்தியாலம் கவனியுங்கள். இருமல் விடாவிட்டாலோ, மூச்சு வேகமாகி விலா உள்ளிழுத்தாலோ, வழக்கமில்லாத நித்திரைத் தூக்கம் வந்தாலோ, காலை வரை காத்திருக்காமல் கொண்டு போங்கள்.

என் மகனுக்கு 15 வயது, நல்ல நீச்சல்காரன். யார் கூட நேரம் மூச்சடக்குவது என்று நண்பர்களோடு போட்டி போடுகிறான். – வாசகர், மட்டக்குளி

இன்றே நிறுத்துங்கள். போட்டிக்கு முன் வேகமாகப் பலமுறை மூச்செடுத்து விடுவார்கள். அதனால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்துவிடும். மூச்செடு என்று உடல் அவசரப்படுத்துவது அது கூடும்போதுதான். அந்த அவசரம் வருமுன்னே ஒட்சிசன் தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நீருக்கடியிலேயே மயங்கிவிடுவான். கரையில் நிற்பவர்கள் அவன் வெல்லப் போகிறான் என்று கைதட்டுவார்கள். நன்றாக நீந்துகிறவர்களையே இது அதிகம் பிடிக்கிறது.

தடாகத்து ஏணியைத் தொட்டால் கை சுள்ளென்கிறது.

மின்கசிவு. எல்லோரையும் உடனே வெளியேற்றுங்கள், ஏணியையும் விளக்கிருக்கும் பக்கத்தையும் தொடாமல். ஒருவர் நீரில் விறைத்து நின்றால் குதிக்காதீர்கள், நீங்களும் அடிபடுவீர்கள். பிரதான சுவிட்சை நிறுத்தி, பிளாஸ்ரிக் வளையத்தை வீசி இழுங்கள். நீருக்கடி விளக்குகள் 12 வோல்ற்றில் இருக்க வேண்டும். பம்புக்கும் விளக்குக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்ப்பது விடுதிக்காரரின் வேலை.

உறவினரின் பிள்ளை தெற்கில் ஒரு விடுதித் தடாகத்தில் இறந்துவிட்டது. "விபத்துத்தானே" என்று முடிக்கப் பார்க்கிறார்கள். நாங்கள் என்ன செய்யலாம்? – வாசகர், கொழும்பு 13

உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன். திடீர் மரண விசாரணையில் உறவினர் சாட்சி சொல்லலாம். யார் கடமையில் இருந்தார், கேற் பூட்டியிருந்ததா, தடாகத்தின் அடி தெரிந்ததா, எத்தனை மணிக்குக் கண்டார்கள், யார் முதலுதவி செய்தார் என்பதையெல்லாம் அங்கே பதியச் செய்யுங்கள். கமராப் பதிவுகள் சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்து புதியது ஏறிவிடும். அதைப் பாதுகாக்கும்படி இன்றே பொலிஸுக்கும் விடுதிக்கும் எழுத்தில் கொடுத்து, பிரதியை வைத்திருங்கள். வேலி, கேற், ஆழக்குறி ஆகியவற்றை அளவு நாடாவோடு படமெடுங்கள்.

கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது தண்டனைச் சட்டக் கோவையின் 298ஆம் பிரிவின் கீழ் குற்றம். ஐந்து வருடம் வரை சிறை. நட்டஈட்டு வழக்கு பொதுவாக இரண்டு வருடத்துக்குள் தொடுக்கப்பட வேண்டும் என்பதால் சட்டத்தரணியைத் தாமதிக்காமல் பாருங்கள். வசதி இல்லையென்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வாக்குமூலத்தைத் தமிழில் கொடுங்கள். தெற்கிலும் அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. சிங்களத்தில் எழுதியிருந்தால், விளங்கக்கூடிய ஒருவர் வரிக்கு வரி வாசித்துச் சொல்லும் வரை கையொப்பமிட வேண்டாம்.