இன்டெல் ஆலையும் ஜான்ஸ்டவுன் வீடும்

கடிதம்

வணக்கம். கொலம்பஸில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். லிக்கிங் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஜான்ஸ்டவுன் பக்கம் 4 லட்சம் டாலருக்கு ஒரு புது வீடு பார்த்திருக்கிறோம். இன்டெல் ஆலை திறந்தால் விலை இரண்டு மடங்காகும், இப்போதே முந்திக்கொள்ளுங்கள் என்கிறார் விற்பனையாளர். ஆலையே தள்ளிப்போய்விட்டது, இனி அந்தக் கவுண்டி படுத்துவிடும் என்கிறார்கள் நண்பர்கள். முதல் வருடத் தவணை குறைவாக இருப்பதால் வாங்கிவிடலாமா என்று ஆசை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

— ஒரு வாசகர், ஒஹாயோ

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு பேரும் சொல்வது சரியில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தக் குறைந்த தவணைதான் எனக்குப் பெரிய கவலை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஆலை. 2022 ஜனவரியில் இன்டெல் 2,000 கோடி டாலரில் இரண்டு சிப் ஆலைகளை அறிவித்தபோது 2025-ல் உற்பத்தி தொடங்கும் என்றார்கள். 2025 பிப்ரவரியில் வந்த அறிவிப்புப்படி முதல் ஆலை ஓடத் தொடங்குவது 2030 அல்லது 2031, இரண்டாவது 2032. வாக்களித்த நிரந்தர வேலைகள் 3,000. 2020 கணக்கெடுப்பில் 1,78,519 பேர் இருந்த கவுண்டிக்கு இது நல்ல எண்ணிக்கைதான். ஆனால் அந்த 3,000 பேரும் லிக்கிங்கில்தான் குடியேறுவார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆலை நிற்கும் நிலம் நியூ ஆல்பனி நகரத்தோடு சேர்க்கப்பட்டது. 161-ஆம் சாலையில் ஏறினால் கொலம்பஸின் வடகிழக்கு முழுவதும் எட்டும் தூரம். தரவு மையங்களையும் கணக்கில் பெரிதாக வைக்காதீர்கள். கட்டும்போது ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும், கட்டி முடித்தபின் கொஞ்சம் பேர் போதும். 2025 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நியூ ஆல்பனி, ஹீத், ஹெப்ரான் மூன்று இடங்களிலும் திட்டமிட்டிருந்த 100 கோடி டாலர் தரவு மைய வேலையை நிறுத்திவைத்தது.

அதற்காகக் கவுண்டி படுத்துவிடாது. லிக்கிங்கின் தலைநகரான நியூவர்க்கில் ஏழு மாடிக் கூடை வடிவக் கட்டடம் ஒன்று இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். லாங்கபெர்கர் கூடை நிறுவனம் 1997-ல் கட்டிய தலைமையகம் அது. 2018-ல் அந்த நிறுவனமே மூடப்பட்டது. கவுண்டியின் மக்கள்தொகை கூடிக்கொண்டேதான் வந்தது. காரணம் மேற்கு எல்லை. கொலம்பஸ் பரவப் பரவ பட்டாஸ்கலா, ஈட்னா, ஜான்ஸ்டவுன் பக்கம் ஆள் வருகிறார்கள். இந்த ஓட்டம் இன்டெல்லுக்கு முன்பே தொடங்கியது.

வீட்டு விலையைத் தீர்மானிப்பதில் சாக்கடைக் குழாய்க்கு உள்ள பங்கை யாரும் பேசுவதில்லை. குழாய் போகாத டவுன்ஷிப்பில் (நகர எல்லைக்கு வெளியே உள்ள பகுதி) வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் வேண்டும். அதற்கு இடம் நிறைய வேண்டும், ஏக்கருக்கு ஒரு வீடு வருவதே பெரிது. குழாய் வந்துவிட்டால் அதே ஏக்கரில் மூன்று, நான்கு வீடு எழும்பும். நீங்கள் பார்த்த மனையைச் சுற்றிச் சோள வயல் என்றால், சுத்திகரிப்பு நிலையம் விரிவாகிறதா, எந்த வயல் நகரத்தோடு சேர மனுப் போட்டிருக்கிறது என்று நகர அலுவலகத்தில் கேளுங்கள். பக்கத்தில் 500 புது வீடு வரப்போகிறது என்றால், ஐந்து வருடம் கழித்து நீங்கள் விற்கும்போது போட்டி அந்தப் புது வீடுகளோடுதான். இரண்டு மடங்கு என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப்போகும்.

இப்போது தவணை. முன்பணம் 20 சதவீதம் போக, 3.2 லட்சம் கடன், 6.5 சதவீதம், 30 வருடம் என்றால் மாதம் 2,023 டாலர். கட்டுநர் தரும் வட்டிச் சலுகையில் முதல் வருடம் 4.5 சதவீதம் (1,621 டாலர்), இரண்டாம் வருடம் 5.5 (1,817 டாலர்), மூன்றாம் வருடம் முழு வட்டி. இது ஒளிவுமறைவு இல்லாமல் தாளில் இருக்கும். இருக்காதது சொத்துவரி.

ஒஹாயோவில் சந்தை மதிப்பில் 35 சதவீதத்துக்குத்தான் வரி. 4 லட்சம் வீட்டுக்கு 1,40,000. வரி விகிதத்தை 'மில்' கணக்கில் சொல்வார்கள். ஒரு மில் என்பது ஆயிரத்துக்கு ஒரு டாலர், ஆக மில்லுக்கு 140 டாலர். எத்தனை மில் என்பது பள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். உதாரணத்துக்கு 60 மில் வைத்தால் வருடம் 8,400, மாதம் 700. சிக்கல் எங்கே என்றால், மதிப்பு ஜனவரி 1 அன்று இருந்த நிலைக்குப் போடப்படுகிறது, பில் அடுத்த வருடம் வருகிறது. ஜனவரி 1-ல் அது வெறும் மனை, மதிப்பு 80,000 என்றால் வருட வரி 1,680-தான். வங்கி அதைப் பார்த்து எஸ்க்ரோவில் (வரிக்காகத் தவணையோடு சேர்த்துப் பிடித்துவைக்கும் கணக்கு) மாதம் 140 பிடிக்கும். முழு வீட்டுக்கான பில் வரும்போது 6,720 டாலர் பற்றாக்குறை நிற்கும். அதை 12 மாதத்தில் பிரித்தால் மாதம் 560. அந்த வருடமே வட்டிச் சலுகையும் முடிந்தால் 2,023 + 700 + 560, அதாவது 3,283. முதல் வருடம் கட்டியது 1,761. காப்பீடும் குடியிருப்போர் சங்கக் கட்டணமும் இதில் சேரவில்லை. வீட்டை விற்கும் நிலைக்கு ஒரு குடும்பத்தைத் தள்ளக்கூடியது இந்தத் தாவல்தான். எச்-1பி-யில் வேலை போனால் வேறு வேலை தேடக் கையில் 60 நாள்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வழி இருக்கிறது. கவுண்டி ஆடிட்டர் (சொத்து மதிப்புப் போடும் அலுவலகம்) தளத்தில் அதே குடியிருப்பில் கட்டி இரண்டு வருடமான வீட்டின் முகவரியைப் போட்டு அதன் வரி பில்லைப் பாருங்கள். உங்களுடையது ஏறத்தாழ அதுதான். வித்தியாசத்தை முதல் மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் போட்டுவையுங்கள், அல்லது எஸ்க்ரோவில் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லி வங்கியிடம் எழுதிக் கேளுங்கள். மாநில வரித்துறையின் 'ஃபைண்டர்' பக்கத்தில் அதே முகவரியைப் போட்டால் நகர வருமான வரியும், பள்ளி மாவட்ட வருமான வரி உண்டா என்பதும் தெரியும். மதிப்பீடு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும், ஆறு வருடத்துக்கு ஒருமுறை முழுதாகச் செய்யப்படும். அடுத்தது எப்போது என்றும் ஆடிட்டரிடமே கேட்கலாம்.

என் கருத்து: அந்த 3,283 உங்கள் ஒருவர் சம்பளத்தில் தாங்குமென்றால், ஏழு வருடமாவது அங்கே இருப்பீர்கள் என்றால் வாங்குங்கள். ஆலை திறப்பதற்காக அவசரப்பட வேண்டாம். 2030-க்கு இன்னும் பல குளிர்காலம் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் விற்காத புது வீட்டுக்குக் கட்டுநர்கள் இறங்கிவருவார்கள். அப்போது வட்டிச் சலுகை கேட்காமல் விலையையே குறைக்கச் சொல்லிப் பாருங்கள்.