டபுள்ஸ் ஆடுகிற பையனுக்கு எதிர்காலம் உண்டா?

வணக்கம் சார்.

உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு கேள்வி அல்ல, இரண்டு. பேட்மிண்டன் ஆடும், பத்தாம் வகுப்பு படிக்கும் மகனை சிங்கிள்ஸை விட்டுவிட்டு டபுள்ஸுக்கு மாறச் சொல்லியிருக்கிறார் கோச். 'இவன் தேறமாட்டான் என்று ஓரங்கட்டுகிறார்களோ' என்று உங்களுக்கு உறுத்துகிறது. இது முதலாவது. பையனோ ஸ்கூலை விட்டுவிட்டு முழுநேரமும் ஆடப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். இது இரண்டாவது. முதல் கேள்விக்கு நான் சொல்லும் பதில் உங்களுக்கு நிம்மதி தரும். இரண்டாவதற்கான பதில் அவனுக்குப் பிடிக்காது. பரவாயில்லை, இதை அவனுக்கும் படிக்கக் கொடுங்கள்.

அவன் அறைச் சுவரில் சீனாவின் ஃபூ ஹைஃபெங் படம் ஒட்டியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அவரையே எடுத்துக்கொள்வோம். சாய்னா, சிந்து, லின் டான் என்று சிங்கிள்ஸ் பெயர்களைத்தான் பெற்றோர் என்னிடம் சொல்வார்கள். ஒரு டபுள்ஸ்காரரின் படத்தை ஒட்டியிருக்கிறான் என்றால், பையன் ஆட்டத்தைக் கவனித்துப் பார்க்கிறான் என்று அர்த்தம்.

ஃபூ ஹைஃபெங் 1983இல் குவாங்டாங் மாகாணத்தின் ஜியேயாங்கில் பிறந்தவர். அவரோடு ஜோடி சேர்ந்த சாய் யுன் சூசோவைச் சேர்ந்தவர், மூன்று வயது மூத்தவர். ஆட்டத்தில் இருவருக்கும் வேலை தெளிவாகப் பிரிந்திருந்தது. சாய் யுன் வலைக்கு அருகே நின்று, மட்டையைத் தொட்ட மாத்திரத்தில் ஷட்டிலைத் திருப்பி, எதிராளி தூக்கி அடிப்பதைத் தவிர வேறு வழியில்லாதபடி செய்வார். தூக்கினால் பின்னால் ஃபூ காத்திருப்பார். 2005இல் நாடுகளின் கலப்பு அணிகள் மோதும் சுதிர்மான் கோப்பையில் அவர் அடித்த ஒரு ஸ்மாஷின், அதாவது மேலிருந்து கீழே ஓங்கி அடிக்கும் அடியின், வேகம் மணிக்கு 332 கிலோமீட்டர் என்று பதிவானது. நம்ம டபுள்ஸ் ஆட்டக்காரர் சாத்விக் 2023இல் 565 கிலோமீட்டர் அடித்தாரே என்று உங்கள் பையன் உடனே கேட்பான். அது ஜப்பானில் கின்னஸ் சாதனைக்காகத் தனியாக வைத்து அளந்தது. ஃபூ அடித்தது போட்டி ஆட்டத்தின் நடுவில்.

பையன்கள் யூடியூபில் பார்ப்பது இந்த ஸ்மாஷைத்தான். அந்த ஸ்மாஷுக்கு முன்னால் நடந்ததை நீங்கள் பார்க்க வேண்டும். சாய் யுன் இல்லையென்றால் ஃபூவுக்கு அந்த ஷட்டில் வந்திருக்காது. ஃபூ இல்லையென்றால் சாய் யுன் செய்த வேலைக்குப் புள்ளி விழுந்திருக்காது. ஆக, கோச் டபுள்ஸுக்கு மாற்றுகிறார் என்றால் காரணம் திறமைக் குறைவாக இருக்க வேண்டும் என்பதில்லை. முன்கையின் வேகம், சர்வீஸ் வாங்கும் துணிச்சல், பக்கத்தில் இருப்பவன் நகர்வதைப் பார்த்துத் தானும் நகரும் புத்தி, இவற்றைக் கண்டும் மாற்றுவார்கள். எதனால் மாற்றினார் என்று நேராகக் கேளுங்கள். நல்ல கோச் என்றால் இந்த மாதிரி வார்த்தைகளில் பதில் வரும். 'சிங்கிள்ஸில் நிறையப் பசங்க இருக்காங்க சார்' என்று மட்டும் பதில் வந்தால், அப்போது யோசிக்கலாம்.

வாய்ப்புக் கணக்கும் டபுள்ஸுக்கு எதிராக இல்லை. ஒலிம்பிக் பேட்மிண்டனில் ஐந்து தங்கம். அதில் மூன்று டபுள்ஸ். சுதிர்மான் கோப்பை மோதலில் ஐந்து ஆட்டம். அதிலும் மூன்று டபுள்ஸ். ஆண்கள் அணிகளுக்கான தாமஸ் கோப்பையில் ஐந்தில் இரண்டு. இந்தக் கணக்கை வைத்தே அணி கட்டிய நாடு சீனா. 1996 முதல் 2012 வரை நடந்த ஐந்து ஒலிம்பிக்கிலும் பெண்கள் டபுள்ஸ் தங்கம் அவர்களுக்குத்தான். அங்கே டபுள்ஸ் மிச்சம் மீதி விழுந்தவர்களின் இடம் அல்ல. அதற்கென்றே ஆள் எடுத்து வளர்த்தார்கள்.

இப்போது ஃபூவின் வருடங்களை வரிசையாகப் பாருங்கள், ஒரு வேலை ஆலோசகராக எனக்கு இதுதான் முக்கியம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்: பதக்கம் இல்லை. 2006 மாட்ரிட்: உலக சாம்பியன். 2008 பெய்ஜிங், சொந்த மண், இறுதி ஆட்டம்: முதல் கேமை 21-12 என்று எடுத்துவிட்டு, அடுத்த இரண்டையும் இந்தோனேசியாவின் மார்கிஸ் கிடோ - ஹென்ட்ரா செட்டியவானிடம் விட்டார்கள். மறுவருடம் உலக சாம்பியன்ஷிப் நம்ம ஹைதராபாத்தில் நடந்தது. கொரியாவின் ஜங் ஜே-சங் - லீ யோங்-டே ஜோடியுடன் இறுதி ஆட்டம், மூன்றாவது கேமை 28-26 என்று எடுத்து ஜெயித்தார்கள். 21 புள்ளியில் முடிய வேண்டிய, முப்பதுக்கு மேல் போகவே முடியாத கேம் அது, எவ்வளவு இழுபறி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு 2010, 2011 என்று தொடர்ந்து பட்டங்கள். 2012 லண்டனில்தான் ஒலிம்பிக் தங்கம். ஏதென்ஸிலிருந்து லண்டன் வரை எட்டு வருடம், அதே இருவர்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. சாய் யுன்னுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஃபூவை ஜாங் நன்னோடு சேர்த்தார்கள். ஜாங் நன் ஆறேழு வயது இளையவர். லண்டனில் ஜாவ் யுன்லெயுடன் கலப்பு இரட்டையர் தங்கம் வாங்கி ஏற்கெனவே தானும் ஒரு சாம்பியன். பத்து வருடத்துக்கு மேல் ஒருவரோடு ஆடிப் பழகியவர், புது ஆளின் கால் எந்தப் பக்கம் போகும் என்பதிலிருந்து மறுபடி கற்க வேண்டும். 2016 ரியோ இறுதி ஆட்டத்தில் மலேசியாவின் கோ வி ஷெம் - டான் வீ கியோங்கிடம் முதல் கேம் போனது; கடைசி கேமில் மலேசியா மேட்ச் பாயிண்ட் வரை வந்தது; 23-21 என்று ஃபூவும் ஜாங்கும் எடுத்தார்கள். ஆண்கள் டபுள்ஸில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆட்டக்காரர் ஃபூ. அதுவும் இரண்டு வெவ்வேறு ஜோடிகளோடு.

டபுள்ஸில் பையனுடைய வாழ்க்கையில் பாதி இன்னொரு பையன் கையில் இருக்கும். அவன் காயப்படலாம், வேறு ஊருக்குப் போகலாம், காலேஜ் சேர்ந்ததும் விட்டுவிடலாம். ஜோடி உடைந்த அன்றைக்கு உங்கள் பையன் எவ்வளவு சீக்கிரம் அடுத்தவனோடு ஆடத் தயாராகிறான் என்பதை இப்போதிருந்தே கவனியுங்கள். தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்ததும் 'அவன்தான் விட்டான்' என்று சொல்கிறானா என்பதையும். இதை வெறும் குணநலன் விஷயமாக நான் பார்க்கவில்லை. டபுள்ஸ்காரனுக்கு அது தொழில் தகுதி.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். படிப்பை விடலாமா? கூடாது.

'ஃபூ ஹைஃபெங் பிளஸ் டூ படித்தாரா' என்று பையன் மடக்குவான். அவருக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அவனிடம் சொல்லுங்கள். சீனாவில் அரசு நடத்தும் விளையாட்டுப் பள்ளி, அதிலிருந்து மாகாண அணி, பிறகு தேசிய அணி என்று படிக்கட்டு இருக்கிறது. மாகாண அணியில் நுழைந்தாலே சாப்பாடு, தங்குமிடம், கோச், மருத்துவம், மாதச் சம்பளம் எல்லாம் அரசுப் பொறுப்பு. பெரிய சாதனை செய்தவருக்கு நுழைவுத் தேர்வு இல்லாமலே பல்கலைக்கழக இடமும் உண்டு. அவ்வளவு இருந்தும், மேலே போக முடியாமல் நின்றவர்கள் பட்ட பாடு அங்கே பெரிய விவாதமானது. பளுதூக்குதலில் தேசிய சாம்பியனாக இருந்த ஜோ சுன்லான், பொதுக் குளியலகத்தில் முதுகு தேய்த்துவிடும் வேலை பார்த்துப் பிழைக்கிறார் என்ற செய்தி 2006இல் நாட்டையே உலுக்கியது. சிறுவயதிலேயே பயிற்சிக்குப் போனதால் அவருக்குக் கிடைத்த பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. அரசு தாங்கிப்பிடிக்கும் நாட்டிலேயே இந்த நிலை. உங்கள் வீட்டில் தாங்கிப்பிடிப்பது உங்கள் சம்பளமும் வீட்டுக்காரம்மாவின் நகையும் மட்டும்தான்.

ஓய்வுக்குப் பிறகு என்ன என்று கேட்டால், டபுள்ஸ் ஆட்டக்காரர்களுக்கு நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. லி யோங்போ 1992 பார்சிலோனாவில் ஆண்கள் டபுள்ஸ் வெண்கலம் வாங்கியவர். மறுவருடமே சீன அணியின் தலைமைப் பொறுப்புக்கு வந்து 2017 வரை நடத்தினார். சிட்னியிலும் ஏதென்ஸிலும் காவ் லிங்குடன் கலப்பு இரட்டையர் தங்கம் வாங்கிய ஜாங் ஜுன், முதலில் கோச், பிறகு சீன பேட்மிண்டன் சங்கத்தின் தலைவர். நம் நாட்டுக்கு நெருக்கமான உதாரணமும் இருக்கிறது: லண்டன் இறுதியில் சாய் யுன் - ஃபூ ஜோடியிடம் தோற்ற டென்மார்க்கின் மதியாஸ் போ பின்னாளில் இந்தியாவின் சாத்விக் - சிராக் ஜோடிக்குக் கோச்சாக வந்தார். டபுள்ஸ் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஆளுக்கு இந்தியாவில் இன்னும் தேவை இருக்கிறது. ஆனால் கோச் வேலைக்குக்கூடப் படிப்பு கேட்பார்கள். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் டிப்ளமோ ஆகட்டும், உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். ஆகட்டும், பத்தாவதோடு நின்றவனுக்குச் சாதாரணமாக வாசல் திறக்காது.

பிளஸ் ஒன்னில் குரூப் தேர்வு செய்யும்போது 'சுலபமான குரூப்பா போடுங்க' என்று அகாடமியில் சொல்வார்கள். பையனுக்கு பிசியோதெரபி பக்கம் ஆர்வம் இருந்தால் உயிரியல் இல்லாமல் முடியாது, அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். போட்டியும் பொதுத்தேர்வும் மோதிக்கொண்டே இருந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி ஒரு வழி; வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு நடத்துகிறார்கள். ஆனால் தினமும் தானாக உட்கார்ந்து படிக்கிற பையனுக்குத்தான் அது சரிப்படும்.

சான்றிதழ் விஷயத்தில் பெரும்பாலான பெற்றோர் கோட்டை விடுகிறார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டுக்குக் கோப்பையும் போட்டோவும் உதவாது. நாட்டுக்காக ஆடியதற்குப் படிவம் 1, மாநிலத்துக்காக தேசியப் போட்டியில் ஆடியதற்குப் படிவம் 2, பல்கலைக்கழகத்துக்குப் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்குப் படிவம் 4. அந்தந்த அமைப்பின் கையெழுத்தோடு அந்த வருடமே வாங்கி வைத்துவிடுங்கள். பொறுப்பாளர் மாறிய பிறகு அலைய வேண்டியிருக்கும். டபுள்ஸில் இருவருக்கும் தனித்தனிச் சான்றிதழ், மதிப்பும் ஒன்றுதான். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள், அரசு வேலையில் 3 சதவீதம் என்று ஒதுக்கீடு இருக்கிறது. எந்தப் போட்டிக்கு எத்தனை மதிப்பெண் என்பதை அந்தந்த வருட அறிவிப்பில்தான் பார்க்க வேண்டும், அக்கம்பக்கத்தில் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: டபுள்ஸுக்கு மாறட்டும், ஸ்கூல் தொடரட்டும். 19 வயதுக்குட்பட்டோர் பிரிவு முடிவதற்குள் மாநில அணியில் இடம் பிடிக்கிறானா என்பதை எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பையனிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். பிடித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் நல்ல காலேஜ், அங்கிருந்து பல்கலைக்கழக அணி. பிடிக்காவிட்டால் பிளஸ் டூ மதிப்பெண் கையில் இருக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், இதுவரை வாங்கிய சான்றிதழ்களின் அசலையும் எடுத்துக்கொண்டு அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவனுடைய டபுள்ஸ் ஜோடியின் பெற்றோரும் வர முடிந்தால் இன்னும் நல்லது.