காலையில் ஒரு மூலை இறங்கி நிற்கும் கார்

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன்பு திருவனந்தபுரத்தில் ஒரு வியாபாரியிடம் ஏர் சஸ்பென்ஷன் உள்ள பழைய கார் வாங்கினேன். இப்போது காலையில் பார்த்தால் முன்பக்க இடது மூலை மட்டும் இறங்கிக் கிடக்கிறது. ஸ்டார்ட் செய்தால் மெல்ல எழும்புகிறது. வொர்க்‌ஷாப்பில் ஸ்ட்ரட், கம்ப்ரஸர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். பஞ்சர் கடை நண்பர் ஒட்டித் தருகிறேன் என்கிறார். வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?
- ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: கம்ப்ரஸர் மாற்ற இப்போதே சம்மதிக்காதீர்கள். அந்த மூலையைத் தாங்குவது, ஸ்ட்ரட் என்ற தூணின் ரப்பர் மடிப்புக்குள் கம்ப்ரஸர் அடைக்கும் காற்றுதான். வண்டி எழும்புகிறது என்றால் கம்ப்ரஸர் இன்னும் காற்று அடிக்கிறது. காற்று எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. அதை உங்கள் வீட்டு முற்றத்திலேயே கண்டுபிடிக்கலாம்.

இரவு சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். நான்கு சக்கரத்திலும் நடு மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். காலையில் கதவைத் திறக்கும் முன்பே மறுபடி அளக்க வேண்டும். பல வண்டிகளில் கதவைத் திறந்தாலே சஸ்பென்ஷன் விழித்துக்கொண்டு உயரத்தைச் சரிசெய்யத் தொடங்கிவிடும். நான்கும் லேசாகச் சமமாக இறங்கியிருந்தால் கவலை இல்லை. ஒன்று மட்டும் பல சென்டிமீட்டர் இறங்கினால் பெரும்பாலும் அந்த மூலையில்தான் கசிவு.

அப்புறம் வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றி, இன்ஜினை அணைத்து, சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் அடியுங்கள். ஸ்ட்ரட்டின் தலையில் பைப் சேரும் இடம், ரப்பர் மடிப்பு, வால்வு பிளாக் (ஒவ்வொரு மூலைக்கும் காற்றைப் பிரித்துவிடும் பகுதி) என ஒவ்வொன்றாகப் பாருங்கள். மெல்லிய கசிவில் நுரை உடனே வராது; ஒரே இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் பொடிக் குமிழ்கள் கொத்தாக வளரும். கைவிரலை டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விடாதீர்கள்.

நுரை பைப் முனையில் வந்தால் உங்களுக்கு நல்ல காலம். பைப் நுனியைக் கூர்மையான பிளேடால் நேராக வெட்டி, அதே அளவு புதிய ஃபிட்டிங் போட்டால் போதும். சாய்ந்த வெட்டு மறுபடி கசியும். கழற்றும் முன் ஜாக் மோடு (ஜாக்கியில் ஏற்றும்போது சஸ்பென்ஷன் தானாக உயரத்தை மாற்றாமல் நிறுத்தும் வசதி) இருந்தால் போட்டு, வண்டியை ஜாக்கியோடு விடாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, காற்றை மெதுவாக இறக்குங்கள். காற்றை மட்டும் நம்பி நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகக்கூடாது. இதை மட்டும் தயவுசெய்து மீறாதீர்கள்.

ரப்பர் மடிப்பில் நுரை வந்தால் ஒட்டுவது வீண். டயர் டியூப் போல அது சும்மா இருப்பதில்லை; சாலையின் ஒவ்வொரு குழியிலும் மடிந்து விரிகிறது. ஒட்டு பெயர்ந்துவிடும். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் வாழும் உங்களுக்குப் பழைய ரப்பர் எப்படி வெடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்ட்ரட்டைத்தான் மாற்ற வேண்டும். பழைய ஸ்ட்ரட்டில் உள்ள பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். புதியதா, பழையதைப் புதுப்பித்ததா, வாரண்டி எத்தனை மாதம் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். மாட்டியதும் காற்று ஏறுமுன் வண்டியின் முழு எடையையும் அதன்மேல் இறக்கினால் புது மடிப்பே நசுங்கிவிடும். மெக்கானிக்கிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

தள்ளிப்போடவும் வேண்டாம். கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடியே கம்ப்ரஸர் சூடேறிக் கெடுகிறது. அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் இவ்வளவும்.

வியாபாரியைப் பொறுத்தவரை: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதாவது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். திருவனந்தபுரத்துக்கு அலைய வேண்டாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். ஆனால் விற்கும்போதே குறை இருந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும், ஆறு மாதம் ஓடிய பிறகு அது சிரமம். 'சஸ்பென்ஷன் நன்றாக இருக்கிறது' என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அழிக்காமல் வையுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்து பாருங்கள்.